முத்துவின் பெயரைத் தாங்கிய ஈப்பிடிப்பான்

பாக் நீரிணைக்கு அக்கரையில், யாழ்ப்பாணப் பகுதியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பணியாற்றிய எட்கர் லியோபோல்ட் லேயர்டு என்ற ஆங்கிலேய அதிகாரியிடம் முத்து என்றொரு பணியாள் இருந்தார். லேயர்டு 1824இல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பிறந்தவர். 1846இல் இலங்கைக்கு வந்து, அரசு வேலையோடு பறவைகளையும் சிப்பிகளையும் சேகரித்துக்கொண்டிருந்தவர். அந்தக் காலத்தில் பறவையை ஆராய்வதென்றால், அதைச் சுட்டு வீழ்த்தித் தோலுரித்துப் பஞ்சடைத்துப் பெட்டியில் அடுக்குவதுதான். புதருக்குள் புகுந்து மணிக்கணக்காகக் காத்திருப்பதும், எந்தப் பறவை எந்த நேரத்தில் எந்தக் கிளைக்கு வரும் என்று அறிந்து வைத்திருப்பதும் பெரும்பாலும் துரைமாரின் வேலையாக இருந்ததில்லை. 1854இல் லேயர்டு, பருத்தித்துறையில் கிடைத்த ஒரு சிறு பறவையைப் புதிய இனமாக விவரித்தபோது அதற்கு முத்துவின் பெயரையே வைத்தார். தன்னிடம் வந்து சேர்ந்த நல்ல பறவைகளில் பலவற்றுக்கு முத்துவின் பொறுமையே காரணம் என்பதையும் எழுதி வைத்தார். அன்று ப்யூட்டாலிஸ் முத்துயி என்று அழைக்கப்பட்ட அந்தப் பறவை, பேரினம் மாறி, இன்று மஸ்கிகாபா முத்துயி என்று உலகெங்கும் வழங்குகிறது.

ஆங்கிலத்தில் இதற்கு நெடுங்காலம் லேயர்டின் ஈப்பிடிப்பான் என்ற பெயரும் இருந்தது. ஒரே பறவைக்குப் பேச்சுவழக்கில் எசமானின் பெயரும் அறிவியலில் பணியாளின் பெயரும் என்று இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்ததில், நிலைத்தது பணியாளின் பெயர்தான். விலங்கியல் பெயரிடும் விதிகளின்படி, முறையாக முதலில் சூட்டப்பட்ட சிற்றினப் பெயரைப் பின்னால் வருகிறவர் தம் விருப்பப்படி நீக்கிவிட முடியாது. இலங்கையில் மட்டுமே வாழும் ஒரு கிளியினத்தின் அறிவியல் பெயரில் லேயர்டின் முதல் மனைவியின் குடும்பப் பெயர் இருக்கிறது. மனைவிக்கு ஒரு கிளியும் வேலைக்காரருக்கு ஓர் ஈப்பிடிப்பானும் என்று பங்கிட்டுக் கொடுத்ததில் லேயர்டு நியாயமாகவே நடந்துகொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பின்னாளில் அவர் கேப்டவுனுக்குச் சென்று தென்னாப்பிரிக்க அருங்காட்சியகத்தின் பொறுப்பை ஏற்றார். இன்னும் பல நாடுகளில் பணிபுரிந்து 1900ஆம் ஆண்டின் முதல் நாளில் மறைந்தார். அவருடைய வாழ்க்கை இத்தனை விவரமாக நமக்குக் கிடைக்கிறது. முத்துவுக்கு ஒரு வரியும் ஒரு பறவையும் மட்டுமே மிஞ்சின.

இந்தப் பறவையைப் பழுப்பு மார்பு ஈப்பிடிப்பான் என்று தமிழில் எழுதலாம். மேகாலயத்தின் காசி மலை, நாகாலாந்து மலைகள், வடக்கு மியான்மர், தெற்குச் சீனம் ஆகிய இடங்களின் ஈரக் காடுகளில் மே முதல் ஜூலை வரையில் பாசியால் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். குளிர்காலத்தைக் கழிப்பதற்குத் தென்னிந்தியாவின் மேற்கு மலைத்தொடர்ச் சரிவுகளுக்கும் இலங்கையின் தாழ்நிலக் காடுகளுக்கும் வரும். காசி மலையிலிருந்து இராமேசுவரத்துக்கு நேர்க்கோட்டில் அளந்தாலே 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. இத்தனை தூரம் பறக்கிற உடலின் எடை 10 முதல் 14 கிராம். நான்கைந்து நெத்தலி மீனைத் தராசில் போட்டால் வருகிற அளவு.

எங்கள் இராமநாதபுரம் கடற்கரைக்கும் ஈரக்காட்டுப் பறவைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பது இயல்பானது. வானம் பார்த்த பூமி இது. பனையும் உடைமரமும் சீமைக்கருவேலமும் நிற்கிற மண்ணில், கரைக்கு நெருங்கிய இடங்களில் உப்பளமும் சவுக்குத் தோப்பும்தான் கண்ணில் படும். இங்கே பறவை பார்க்க வருகிறவர்கள் சித்திரங்குடிக்கும் காஞ்சிரங்குளத்துக்கும் போவார்கள். ராம்சர் என்ற பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த கண்மாய்கள் அவை. அல்லது தனுஷ்கோடிக்குப் போய்ப் பூநாரைகளைப் பார்ப்பார்கள். நீர்ப்பறவைகள் பெரியவை, கூட்டமாக நிற்பவை, தொலைவிலிருந்தே தெரிபவை. அந்தக் காட்சியைக் குறைத்துச் சொல்ல எனக்கு எண்ணமில்லை. ஆனால் இந்த மாவட்டத்தின் பறவை என்றாலே நீர்ப்பறவைதான் என்று ஆகிவிட்டதால், இதே வாரங்களில் இரவில் நம் தலைக்குமேல் கடந்துபோகிற சிறு பறவைகள் எவர் கணக்கிலும் வராமல் போகின்றன.

தொடர்பு நிலப்படத்தில் இருக்கிறது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குச் சுமார் 30 கிலோமீட்டர். நடுவில் வரிசையாக மணல்திட்டுகள். மணிக்கு முப்பது நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் சிறு பறவைக்கு இது ஒரு மணிநேரப் பயணம்; வங்காள விரிகுடாவின் மேல் பறப்பதோடு ஒப்பிட்டால் மிகவும் பாதுகாப்பான கடப்பு. இலங்கைக்குக் குளிர்காலத்தைக் கழிக்கச் செல்கிற காட்டுப் பறவைகளில் பல இந்த வழியைப் பயன்படுத்துகின்றன. காஷ்மீரைச் சுற்றிய காடுகளில் கூடு கட்டி நுவரெலியாவின் குளிரில் வந்து தங்கும் காஷ்மீர் ஈப்பிடிப்பானும், இமயத்திலிருந்து வரும் நீலக் காட்டுச்சிட்டும், நம்மவர்கள் ஆறுமணிக் குருவி என்று அழைக்கிற பொன்னுத்தொட்டானும் இந்தியாவைக் கடந்து இலங்கைக்குப் போகிறவைதான். ஐப்பசியில் கரையோர ஊர்களில் வீட்டுத் திண்ணையிலோ பள்ளிக்கூட வராந்தாவிலோ களைத்து விழுந்து கிடக்கிற பச்சையும் நீலமும் சிவப்புமான அந்த ஆறுமணிக் குருவியைப் பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள். அதன் நிறம் பகட்டானது, அதனால் கண்ணில் படுகிறது. முத்துவின் பறவைக்கு அந்த வசதி இல்லை.

வாடைக்காற்று தொடங்கி முதல் மழை இறங்கியதும் இந்தக் கரையின் முகமே மாறிவிடுகிறது. ஆண்டு மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில்தான் நமக்குக் கிடைக்கிறது. ஊரணியில் தண்ணீர் சேர்ந்து, கரையில் சங்கஞ்செடியும் கொடிகளும் தழைத்து, ஈசல் கிளம்பி, கொசுவும் சிறு வண்டும் பெருகுகிற அதே வாரங்களில்தான் வலசைப் பறவைகளும் வந்து இறங்குகின்றன. இரவெல்லாம் பறந்து விடியும் நேரத்தில் கீழே இறங்குகிற ஈப்பிடிப்பானுக்குத் தேவை இரண்டே இரண்டுதான்: நிழலும் பூச்சியும். வலசை கிளம்புமுன் சிறு பறவைகள் தம் உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. அவற்றின் எடை மூன்றில் ஒரு பங்கு, சில இனங்களில் பாதிக்கு மேலும்கூடக் கூடுவதுண்டு. அந்தச் சேமிப்பு வழியில் கரைந்துவிட்டால், மறுபடி நிரப்பிக்கொள்ள ஓரிடம் வேண்டும். நாலைந்து ஆலமரமும் அடியில் அடர்ந்த புதரும் உள்ள ஓர் ஊரணிக்கரை, ஒன்றிரண்டு நாளைக்கு, அதற்கு ஒரு காடாகிவிடுகிறது.

உச்சிப்புளிக்குப் பக்கத்தில் அப்படியொரு ஊரணிக்கரையில்தான் இந்தப் பறவையை நான் நன்றாகப் பார்த்தேன். மழை விட்ட ஒரு பிற்பகல்; வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. ஆலம் விழுதுகளுக்கு நடுவே, இடுப்பளவு உயரத்தில், ஒரு காய்ந்த குச்சியின் மேல் உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்திருந்தது என்று சொல்வதைவிட, நட்டு வைத்ததுபோல் இருந்தது என்று சொல்வதே பொருந்தும். தலை மட்டும் இப்படியும் அப்படியும் திரும்பியது. கண் உடலுக்குச் சற்றுப் பெரிதாகத் தெரிந்தது. அதைச் சுற்றி வெளிறிய வளையம். திடீரென்று கீழே சரிந்து, தரைக்கு ஒரு சாண் மேலே எதையோ கவ்வி, அலகு மூடுகிற மெல்லிய சொடுக்கொலி என் காதில் விழுமளவு பக்கத்தில் திரும்பி, அதே குச்சியில் வந்து அமர்ந்தது. பிடிபட்டது கொஞ்சம் பெரிய பூச்சியாக இருந்திருக்க வேண்டும். குச்சியில் இரண்டு முறை அடித்துச் சிறகைப் போக்கிவிட்டு விழுங்கியது. பிறகு நெடுநேரம் எதுவும் செய்யவில்லை. பக்கத்துக் கிளையில் தையல்சிட்டுகள் போட்ட கூச்சலுக்குக்கூட அது அசையவில்லை.

ஈப்பிடிப்பான்களின் அலகடியில், வாயின் இரு ஓரங்களிலும், மயிர்போல் நீண்ட விறைப்பான இறகுகள் உண்டு. பறக்கிற பூச்சியை வலைபோல் வளைத்து வாய்க்குள் தள்ளுவதற்கே அவை இருக்கின்றன என்று வெகுகாலம் நம்பப்பட்டது. இன்னும் பல புத்தகங்களில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆனால் இதேபோல் வேட்டையாடும் அமெரிக்கப் பறவைகளை அதிவேகப் படக்கருவியால் படமெடுத்துப் பார்த்தபோது, அவை பூச்சியை அலகு நுனியால், இடுக்கியால் எடுப்பதுபோல் கவ்வுவது தெரிந்தது. அப்படியானால் அந்த இறகுகள் எதற்கு? பறக்கும்போது எதிரே வரும் தூசியும் பூச்சியின் சிறகுத் துணுக்குகளும் கண்ணில் படாமல் காப்பதற்கு என்பது ஒரு கருத்து. காற்றின் வேகத்தையும் தலையின் நிலையையும் உணர்வதற்கு என்பது இன்னொன்று. பொரிமணலை வாரி இறைக்கிற கச்சான் காற்றில் இரு சக்கர வண்டி ஓட்டிப் பழகிய எனக்கு முதல் கருத்தின்மீதுதான் சாய்வு.

இதை இனங்காண்பதுதான் சிக்கலான வேலை. நம் கரைக்குக் குளிர்காலத்தில் வருகிற இன்னொன்று பழுப்பு ஈப்பிடிப்பான்; சைபீரியா, ஜப்பான் வரை பரவிக் கூடு கட்டும் இனம். தென்னிந்தியாவில் அதுதான் மிகுதியாகத் தெரியும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு, இரண்டும் மேலே பழுப்பு, கீழே வெளுப்பு. தொலைவிலிருந்து பார்த்தால் இரண்டையும் சிட்டுக்குருவியின் பெட்டை என்று தள்ளிவிட்டுப் போய்விடலாம். வேறுபாட்டைக் காலில் தேட வேண்டும். பழுப்பு ஈப்பிடிப்பானின் கால் கருமையானது. முத்துவின் பறவைக்குக் கால் வெளிறிய மஞ்சளாகவும் தோல்நிறமாகவும் இருக்கும். அடுத்தது அலகு: முதலாவதில் கீழலகின் அடிப்பகுதி மட்டும் மஞ்சளாகி நுனி கறுத்திருக்கும், இரண்டாவதில் கீழலகு முழுவதும் மஞ்சள். தொண்டை வெண்மை, அதன் இரு பக்கமும் மீசைபோல் இறங்கும் மங்கிய கோடு, மார்பின் குறுக்கே பழுப்புப் பூச்சு, சிறகோரத்திலும் வாலோரத்திலும் துருவின் சாயல் என்று மற்றவையும் உண்டு. ஆனால் ஆலமர நிழலில் மாலை வெளிச்சத்தில் துருவும் பழுப்பும் ஒன்றாகவே தெரியும். நிறத்தை நம்பிப் பெயர் எழுதுகிறவர்களிடம் எனக்குச் சற்று ஐயம் உண்டு. கால் தெரியவில்லையென்றால் ஈப்பிடிப்பான் என்று மட்டும் எழுதிவிட்டு விடுவதே நேர்மை.

நடத்தையும் உதவும். பழுப்பு ஈப்பிடிப்பான் திறந்த கிளைகளில், கொஞ்சம் உயரத்தில், வெளிச்சத்தில் உட்காரும். வேப்பமரத்துப் பட்ட கிளையிலும் தென்னந்தோப்பின் ஓரத்திலும் அதைப் பார்க்கலாம். முத்துவின் பறவை தாழ்வான இடத்தையும் இருட்டையும் நாடும். காலையிலும் அந்தியிலும் மட்டுமே சுறுசுறுப்பாக இருக்கும். குளிர்காலத்தில் பெரும்பாலும் வாய் திறக்காது. எப்போதாவது ஒரு மெல்லிய சீழ்க்கை மட்டும் வரும். இராஜநடை போடும் அரசவால் ஈப்பிடிப்பானைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சப்பென்றிருக்கும். நீண்ட வெண்வாலோடு தோப்புகளில் மிதக்கிற அந்த அழகன், பெயரில் ஈப்பிடிப்பானாக இருந்தாலும் குடும்பத்தால் வேறு. மஸ்கிகாபிடே என்ற உண்மையான ஈப்பிடிப்பான் குடும்பத்தைச் சேர்ந்தது அன்று.

பறவையின் இந்தச் சுபாவத்திலிருந்துதான் நான் சொல்ல வந்த குறையும் பிறக்கிறது. நம் ஊர்களில் மரத்தை வெட்டினால் கேட்க ஆளிருக்கிறது. புதரை வெட்டினால் பாராட்டுகிறார்கள். கோயில் காட்டின் ஆலமரத்தையும் வேம்பையும் அரசையும் எவரும் தொடுவதில்லை. ஆனால் அடியில் இருந்த சங்கஞ்செடி, ஆதண்டை, காரை, உகாய் எல்லாவற்றையும் பொக்லைன் வைத்து வழித்தெடுத்து, சிமெண்டுத் தரை போட்டு, நான்கு புறமும் சோடியம் விளக்கு வைத்து, திருப்பணி முடிந்தது என்று பெயர்ப்பலகை எழுதுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தோப்பில் இப்படி நடந்த மறு ஆண்டே, பழுப்பு ஈப்பிடிப்பானும் தையல்சிட்டும் மரத்தில் இருந்தன. கீழே வாழ்கிற எதுவும் இல்லை. ஆறுமணிக் குருவிக்குச் சருகைக் கிளறிப் புழு பொறுக்க இடமில்லை. முத்துவின் பறவைக்கு இடுப்புயரத்தில் உட்கார ஒரு குச்சி இல்லை. மரம் அப்படியே நிற்பதால் காடு போனது எவருக்கும் தெரியவில்லை. பாம்பு வரும் என்ற அச்சத்தை நான் கேலி செய்யவில்லை. அந்த அச்சத்துக்கு நடக்கிற பாதையைச் சுத்தமாக வைத்தால் போதும், ஊரணியின் மறுகரையை வழித்தெடுக்க வேண்டியதில்லை.

சீமைக்கருவேலத்தைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுக்குப் பின் இதை அகற்றுவது பெரிய இயக்கமாகவே நடந்தது. நிலத்தடி நீரையும் மேய்ச்சல் நிலத்தையும் கண்மாயையும் அது கெடுத்ததைப் பற்றி இந்த மாவட்டத்துக்காரனுக்கு எவரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதே மரத்தின் கரிமூட்டத்தில்தான் பல குடும்பங்களின் அடுப்பு எரிகிறது என்பதும் நமக்குத் தெரியும். அகற்ற வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இயந்திரம் இறங்கும்போது அதற்கு எது சீமைக்கருவேலம், எது உகாய் என்று தெரியாது. கண்மாய்க்கரையில் மிச்சமிருந்த நாட்டுப் புதர்களும் சேர்ந்தே போய்விடுகின்றன. அந்த வெற்றிடத்தில் ஓராண்டுக்குள் முதலில் முளைத்து வருவது மறுபடியும் சீமைக்கருவேலமாகவே இருக்கிறது. கையால் வெட்டுகிற ஆட்களை வைத்து, எதை விட வேண்டும் என்று முதல் நாளே காட்டிக் கொடுத்தால் செலவு கூடும், மெதுவாகவும் நடக்கும். நல்ல வேலை பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது.

விளக்கு இன்னொரு தொல்லை. இரவில் வலசை போகிற சிறு பறவைகள் விண்மீன்களையும் பூமியின் காந்தப் புலத்தையும் கொண்டு திசை அறிகின்றன. மேகமும் தூறலுமாக இருக்கிற இரவில் பலமான விளக்கு அவற்றைத் தன்பால் இழுத்துக் குழப்பிவிடுகிறது. சுற்றிச் சுற்றிப் பறந்து களைத்துச் சுவரிலோ கம்பியிலோ மோதுகின்றன. நம் கரையில் அவை கடக்கிற மாதமும் மேகமும் தூறலும் ஒன்றாகவே வருகின்றன. ஐப்பசி, கார்த்திகை இரவுகளில், தேவையற்ற மேல்நோக்கு விளக்குகளைப் பத்து மணிக்கு மேல் அணைத்து வைத்தால் எவருக்கும் இழப்பில்லை. கடலுக்குப் போகிறவர்களுக்கு வேண்டிய கலங்கரை விளக்கைப் பற்றி நான் பேசவில்லை. சுற்றுலாவுக்காக வானத்தைப் பார்த்து எரிகிற அலங்கார விளக்குகளைப் பற்றித்தான் பேசுகிறேன்.

இந்த இனம் அழிவின் விளிம்பில் இருப்பதாக நினைத்துவிட வேண்டாம். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இது கவலைக்குரியதல்ல என்ற பிரிவில்தான் இருக்கிறது. அதனாலேயே இதற்கென்று ஒரு சரணாலயமோ திட்டமோ வரப்போவதில்லை. ஒரு தோப்பின் அடிப்புதரைக் காப்பாற்றுவதற்கு அரசாணை தேவையும் இல்லை. திருப்பணிக் குழுவில் ஒருவர் வாய் திறந்தால் போதும்.

திரும்பும் பயணம் பங்குனி, சித்திரையில் நடக்கிறது. அப்போது ஊரணிகள் வற்றத் தொடங்கியிருக்கும், பூச்சியும் குறைந்திருக்கும். ஆகையால் வரும்போது கிடைக்கிற விருந்து போகும்போது கிடைக்காது. அந்த மாதங்களில் இந்தப் பறவையைத் தேடுகிறவர்கள் ஊரணியை விட்டுவிட்டு, தண்ணீர் பாய்கிற தென்னந்தோப்புகளையும் கொடிக்கால் ஓரங்களையும் பார்க்கலாம் என்பது என் எண்ணம். எங்கே பார்த்தாலும் காலின் நிறம், கீழலகின் நிறம், உட்கார்ந்திருந்த உயரம், அன்றைய காற்றின் திசை ஆகிய நான்கையும் உடனே குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். மன்னாரிலோ பருத்தித்துறையிலோ இருந்து இதைப் படிக்கிறவர்கள், வரும் ஐப்பசியில் உங்கள் பக்கம் முதல் பறவை இறங்கிய தேதியை எனக்கு எழுதுங்கள். மண்டபம், தங்கச்சிமடம், தனுஷ்கோடி பக்கத்துத் தேதிகளை நான் சேர்த்து வைக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வாடை வலுத்த இரவுகளில் அவை இங்கே தங்காமலே கடந்துவிடுகின்றனவா என்ற கேள்விக்காவது ஒரு விடை கிடைக்கும்.